விலங்கு நல அமைப்புகளின் நிதியும் பொறுப்புக்கூறலும்

விலங்கு நல அமைப்பின் பொறுப்புக்கூறல் என்பது, விலங்குகளின் பெயரால் பொதுமக்களிடமும் அரசிடமும் பணம் பெறும் ஓர் அமைப்பு, அப்பணம் எவ்வாறு செலவானது, அதனால் விலங்குகளுக்கு என்ன நன்மை விளைந்தது என்று விளக்கம் அளிக்கும் கடமையைக் குறிக்கும். பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ கொடுத்த நன்கொடை சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்பதைப் பயனடைந்தவரே சொல்லிவிட முடியும். நாயும் ஆமையும் சாட்சி சொல்வதில்லை. ஆகவே இவ்வகை அமைப்புகளில் ஏடுகளையும் களப்பணியையும் பிறர் சோதித்துப் பார்ப்பது மிகவும் தேவையாகிறது. கொடையாளர் மட்டுமன்றி, திருவள்ளூர் மாவட்டத்தில் பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள தோணிரேவு போன்ற மீனவ ஊர்களின் மக்களும் இக்கேள்விகளைக் கேட்க உரிமை உடையவர்கள்.

பின்னணி

இந்தியாவில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கங்களின் வரலாறு 1861இல் கொல்கத்தாவில் தொடங்குகிறது. விடுதலைக்குப் பின் ருக்மிணி தேவி அருண்டேல் நாடாளுமன்றத்தில் எடுத்த முயற்சியின் தொடர்ச்சியாக 1960இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டப்படி 1962இல் இந்திய விலங்குகள் நல வாரியம் அமைந்தது. அதன் முதல் தலைவர் ருக்மிணி தேவியே. வாரியத்தின் தலைமையகம் நீண்ட காலம் சென்னையில் இருந்து, பின்னர் அரியானா மாநிலத்துக்கு மாற்றப்பட்டது. விலங்கு நல அமைப்புகளுக்கு அங்கீகாரம் அளிப்பதும் நிதியுதவி வழங்குவதும் வாரியத்தின் பணிகள். சென்னையில் 1959இல் தொடங்கப்பட்ட இந்திய நீலச் சிலுவைச் சங்கம் தமிழ்நாட்டில் பரவலாக அறியப்பட்ட அமைப்பாகும்.

பதிவும் சட்ட நிலையும்

ஓர் அமைப்பை மதிப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது அது எந்தச் சட்டப்படி பதிவானது என்பதே. தமிழ்நாட்டில் மூன்று வடிவங்கள் வழக்கில் உள்ளன.

1. சங்கம்: 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் பதிவாகும். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டிக் கணக்கை முன்வைத்து, அதைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும்.
2. அறக்கட்டளை: இதன் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும். அறங்காவலர்கள் யார், அவர்களை மாற்றும் அதிகாரம் யாருக்கு என்பதைப் பத்திரத்தில் காணலாம்.
3. இலாப நோக்கற்ற நிறுவனம்: 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 8ஆம் பிரிவின்படி அமைவது. இதன் ஆண்டறிக்கையைச் சிறு கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கலாம்.

இவற்றுடன் வருமான வரித் துறைப் பதிவு, விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம், வெளிநாட்டுப் பணம் பெறுவதாயின் 2010ஆம் ஆண்டின் அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படியான பதிவு ஆகியவை இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். பதிவு எண் இருப்பது அமைப்பு சட்டப்படி உள்ளது என்பதை மட்டுமே காட்டும். அது நற்சான்று ஆகாது.

கணக்கைப் படித்தல்

தணிக்கை செய்யப்பட்ட கணக்கில் மூன்று ஏடுகள் முக்கியமானவை: வரவு செலவுக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, தணிக்கையாளரின் அறிக்கை. ஓர் ஆண்டின் கணக்கை மட்டும் பார்ப்பதால் பயன் குறைவு. மூன்று ஆண்டுக் கணக்குகளை அடுத்தடுத்து வைத்தால், நன்கொடை பெருகியபோது பணியும் பெருகியதா என்பது தெரியும்.

வருமான வரிச் சட்டத்தின் விதிப்படி, வரிவிலக்குப் பெறும் அமைப்பு தன் ஆண்டு வருவாயில் 85 விழுக்காட்டையாவது அற நோக்கங்களுக்குச் செலவிட வேண்டும். அதற்கு மேல் சேமிக்க விரும்பினால் நோக்கத்தைக் குறிப்பிட்டுத் தெரிவிக்க வேண்டும். எனவே வங்கி வைப்பு ஆண்டுதோறும் வளர்ந்துகொண்டே போனால், எதற்காகச் சேர்க்கிறீர்கள் என்று கேட்பது முறையான கேள்வியே. ஒரு மருத்துவமனைக் கட்டடத்துக்காக என்று விடை வந்தால், அக்கட்டடம் எப்போது எழும் என்பது அடுத்த கேள்வி.

2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்கு இச்சட்டப்படி வரிச்சலுகை இல்லை. பெருந்தொகையை ரொக்கமாகவே கேட்கும் அமைப்பிடம் கொடையாளர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

நிர்வாகச் செலவு பற்றிய தவறான எண்ணம்

நிர்வாகச் செலவு குறைவாக உள்ள அமைப்பே நல்ல அமைப்பு என்று பலர் கருதுகின்றனர். வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 2020இல் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வரம்பை மீறுவது குற்றம். ஆனால் வரம்புக்குள் இருப்பதனால் மட்டும் பணி சிறந்ததாகிவிடாது. கணக்கெழுத ஆளே வைக்காத அமைப்பின் நிர்வாகச் செலவும் குறைவாகத்தான் இருக்கும். அமெரிக்காவில் அற அமைப்புகளை மதிப்பிடும் மூன்று நிறுவனங்கள், இந்த விகிதத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம் என்று 2013இல் கொடையாளர்களுக்குக் கூட்டாக மடல் எழுதின.

இதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஓர் அமைப்பு 20 லட்சம் ரூபாயில் 1,000 தெருநாய்களுக்குக் கருத்தடை செய்ததாகச் சொன்னால், ஒரு நாய்க்கு 2,000 ரூபாய் ஆகிறது. மற்றோர் அமைப்பு அதே தொகையில் 4,000 நாய்களுக்குச் செய்ததாகச் சொன்னால், ஒரு நாய்க்கு 500 ரூபாய்தான். பார்த்தவுடன் இரண்டாவதே சிக்கனமாகத் தோன்றும். ஆனால் பிடித்தல், அறுவை, அதன் பிறகான பராமரிப்பு, வெறிநோய்த் தடுப்பூசி, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுதல் ஆகிய அனைத்தும் 500 ரூபாயில் அடங்குமா என்று கேட்க வேண்டும். எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டிருக்கலாம், அல்லது பராமரிப்பு குறைந்திருக்கலாம்.

பணியைச் சரிபார்த்தல்

நாய்க் கருத்தடையில் சரிபார்க்க எளிய வழிகள் உள்ளன. கருத்தடை செய்த நாயின் காதில் அடையாள வெட்டு இருக்கும். தெருவில் நின்றே எண்ணிவிடலாம். அகற்றிய உறுப்புகளை எண்ணிப் பார்த்த பிறகே உள்ளாட்சி கட்டணம் வழங்கும் நடைமுறையும் உண்டு. கருத்தடைத் திட்டத்தை நடத்த விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் தேவை என 2023ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன.

கடலாமைப் பணியில் கேட்க வேண்டியவை வேறு. ஆலிவ் ரிட்லி எனப்படும் பங்குனி ஆமை, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ளது. வனத்துறையின் அனுமதியின்றி எவரும் அதன் முட்டைகளை எடுக்கக் கூடாது. ஆகவே முட்டைப் பொரிப்பகத்துக்காக நன்கொடை கேட்போரிடம் முதலில் அனுமதிக் கடிதத்தைக் கேட்க வேண்டும். பிறகு எடுத்த முட்டைகள், பொரித்த குஞ்சுகள், கடலில் விட்டவை என்ற மூன்று எண்களையும் கேட்க வேண்டும். மூன்றாவது எண்ணை மட்டும் சொல்லும் அறிக்கை முழுமையானது அன்று.

யானை வழக்கு தரும் பாடம்

பணம் யாருக்குப் போகிறது என்பதைக் கவனிக்கத் தவறினால் நேர்வதை அமெரிக்க வழக்கு ஒன்று காட்டுகிறது. ரிங்ளிங் சர்க்கசில் யானைகள் துன்புறுத்தப்படுவதாக 2000இல் சில விலங்கு நல அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. முன்னாள் சர்க்கஸ் ஊழியர் ஒருவரும் வாதியாகச் சேர்ந்திருந்தார். அவருக்கு அவ்வமைப்புகளின் தரப்பிலிருந்து தொடர்ந்து பணம் வழங்கப்பட்டது வெளியானது. அவர் சொல்லை நம்ப மறுத்த நீதிமன்றம் 2009இல் வழக்கைத் தள்ளியது. பின்னர் சர்க்கஸ் நிறுவனம் எதிர்வழக்கில் இறங்க, ஓர் அமைப்பு தவற்றை ஒப்புக்கொள்ளாமலே 2012இல் 93 லட்சம் டாலரும், மற்றத் தரப்பினர் 2014இல் 1 கோடியே 57 லட்சத்து 50 ஆயிரம் டாலரும் கொடுத்துத் தீர்த்துக்கொண்டனர். யானைகள் உண்மையில் துன்புற்றனவா என்ற கேள்விக்கு அவ்வழக்கில் கடைசிவரை தீர்ப்புக் கிடைக்கவில்லை. கணக்கில் ஒளிவு இருந்தால் முதலில் தோற்பது விலங்கின் தரப்பே என்பது இதன் பாடம். இருப்புநிலைக் குறிப்பின் கடைசிப் பக்கத்தில் உள்ள நிலுவை வழக்குகள் பற்றிய குறிப்பையும் படிக்க வேண்டியது இதனால்தான்.

ஏரிக்கரை ஊர்களின் நிலை

தெலுங்கில் 'ரேவு' என்பது படகுத்துறையைக் குறிக்கும். தமிழும் தெலுங்கும் கலக்கும் எல்லையில் தோணிரேவு என்ற பெயரே அவ்வூரின் தொழிலைச் சொல்லிவிடுகிறது. அங்குள்ளோர் வாழ்வு ஏரியைச் சார்ந்தது. அந்த ஏரியே பூநாரைகள் வந்து தங்கும் பறவைகள் சரணாலயமும் ஆகும்.

2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கடற்கரைகளில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து இதை விசாரணைக்கு எடுத்தது. விசைப்படகுகளின் இழுவைவலையில் சிக்கி மூச்சுமுட்டி இறப்பதே இத்தகைய சாவுகளுக்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. இறந்த ஆமையின் படத்தைப் போட்டு "மீனவர்களால்" என்று மட்டும் எழுதினால், ஏரியில் சிறு வலை வீசுபவரும் கையால் இறால் தடவிப் பிடிப்பவரும் அதே குற்றத்துக்கு ஆளாவர். எந்த வலை, எந்தப் படகு, எந்தக் கடல் என்று பிரித்துச் சொல்வதும் பொறுப்புக்கூறலின் பகுதியே. ஓர் ஊரின் பெயரைச் சொல்லி நன்கொடை திரட்டும் அமைப்பு, அத்தொகையில் எவ்வளவு அவ்வூரில் செலவானது என்பதை அவ்வூராரிடமே சொல்லக் கடமைப்பட்டது.

இது அப்பகுதிக்குப் புதிய கருத்தன்று. ஏரியின் சில குப்பங்களில் மீன்பிடி இடங்களைச் சீட்டுப் போட்டுச் சுழற்சியாகப் பங்கிடும் 'பாடு' முறை உள்ளது. பங்குடையோர் முன்னிலையில் முடிவு செய்வதே அதன் அடிப்படை.

தகவல் பெறும் வழிகள்

அமைப்பிடமே கடைசி மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்கைக் கேட்பது முதல் வழி. சங்கமாயின் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் ஆவணங்களைப் பார்வையிட விண்ணப்பிக்கலாம். வாரியமோ உள்ளாட்சியோ பணம் வழங்கியிருந்தால், அது பற்றிய விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அந்த அலுவலகத்திடம் கேட்டுப் பெறலாம். அரசிடம் கணிசமான நிதி பெறும் தொண்டு அமைப்புகளும் அச்சட்டத்துக்கு உட்பட்டவையே என உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது.

நேர்மையான அமைப்புக்கு இக்கேள்விகள் சுமையாகா. கேட்டவுடன் கணக்கைக் காட்டுவதும், தோல்விகளையும் ஆண்டறிக்கையில் எழுதுவதும், குறை சொல்ல வந்த ஊராருக்கு மறுமொழி தருவதும் அத்தகைய அமைப்பை அறிந்துகொள்ளும் அடையாளங்கள்.