ஈரல் கலத்தின் சர்க்கரைச் சங்கிலிகள்

ஈரல் புற்றுநோய் என்றால் ஹெப்பற்றைற்றிஸ் வைரசும் சாராயமும்தான் எங்கள் பேச்சில் முதலில் வரும். ஹெப்பற்றைற்றிஸ் பி தடுப்பூசியை 2003 முதல் இலங்கைக் குழந்தைகளுக்குப் போடுகிறார்கள். அது பெரிய காரியம். ஆனால் ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவர்கள் பதிந்துவந்த ஈரல் புற்றுநோயாளரில் பெரும்பாலோரிடம் அந்த வைரஸ் இல்லை. சலரோகமும் ஈரலில் படிந்த கொழுப்பும் பலரிடம் காணப்பட்டன. ஊசியால் மறிக்க முடியாத இந்த நோயை விளங்கிக்கொள்ள ஈரல் கலத்தின் வெளிப்புறத்தைப் பார்க்கவேண்டும். அங்குள்ள புரதங்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் மாறுவது நோயின் அடையாளம் மட்டுமல்ல, நோயை வளர்க்கும் காரணங்களில் ஒன்றும்கூட. (சாப்பிடும் சீனியோடு இதைக் குழப்பக் கூடாது, இச்சங்கிலிகளைக் கலம் தானே கட்டுகிறது.)

வளர்ச்சிச் சமிக்ஞையைப் பிடிக்கும் வாங்கிப் புரதங்கள் கலத்தின் மென்சவ்வில் நிற்கின்றன. அவற்றின் சங்கிலி தொடங்கும் அடியிலேயே பியூக்கோஸ் என்ற சர்க்கரையை எஃப்.யு.ரி.8 என்ற நொதியம் சேர்க்கிறது. அது சேர்ந்தால் வாங்கி சமிக்ஞையை நன்றாகப் பற்றும்; கலம் பெருகும். ஆரோக்கியமான ஈரலில் குறைவாக இருக்கும் இந்த நொதியம் புற்றுக் கலங்களில் கூடிவிடுகிறது. வேறொரு நொதியம் சங்கிலிக்குக் கூடுதல் கிளை வைக்கும்போது கலங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் புரதம் தளர்கிறது. கட்டி பரவ வழி பிறக்கிறது.

புற்று வந்தபின் சங்கிலி மாறியிருக்கலாமே, எப்படிக் காரணம் என்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு 2015இல் வெளியான சோதனையொன்று பதில் தருகிறது. எஃப்.யு.ரி.8 மரபணு இல்லாமல் பிறந்த எலிகளுக்குப் புற்றூட்டும் இரசாயனம் கொடுத்தபோது, ஈரலில் கட்டி வளர்வது பெரிதும் தடைப்பட்டது. நொதியத்தை நீக்கியது கட்டி வருவதற்கு முன்னர் என்பதை இங்கே கவனிக்கவேண்டும். எலியில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தாது. ஆகவே இதை வைத்து மருந்து விற்க வருபவரை நம்பவேண்டாம்.

நோயைக் கண்டறிவதில் இந்த அறிவு ஏற்கெனவே பயன்படுகிறது. ஏ.எஃப்.பி. என்ற இரத்தப் புரதம் சாதாரண ஈரல் அழற்சியிலும் உயரும். அதில், புற்றில் கூடும் பியூக்கோஸ் சேர்ந்த பங்கை மட்டும் பிடித்துக் காட்டுவது, எங்கள் அடுப்படியில் அன்றாடம் வேகும் மைசூர்ப் பருப்பிலிருந்து எடுக்கும் ஒரு புரதம். அமெரிக்கா இந்த இரத்தப் பரிசோதனையை 2005இல் அனுமதித்தது. என்றாலும் சிறு கட்டிகள் பல இதற்குத் தப்பிவிடும். ஸ்கான் எடுக்கத் தீவுப்புறத்துக் கரம்பொன்னிலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் போவது சிரமந்தான். ஆனாலும் ஈரல் சுருங்கியவர்கள் ஆறு மாதத்துக்கொருமுறை ஸ்கான் எடுப்பதை எந்த இரத்தப் பரிசோதனைக்காகவும் விட்டுவிடக் கூடாது.