விரல் நீளக் குழாயில் 420 கோடி வோல்ட்!

விரல் நீளமே உள்ள குழாய். உள்ளே ஹைட்ரஜன் வாயு. மின்சாரம் பாய்ந்ததும் அது பிளாஸ்மா ஆயிற்று. அதில் லேசர் ஒளியைச் செலுத்தினார்கள். படகின் பின்னால் எழுவதுபோல் அலை எழுந்தது. எலெக்ட்ரான்களை வாரிக்கொண்டு பறந்தது!

இது நடந்தது 2014-ல், அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில். 420 கோடி வோல்ட் மின்சாரம் தள்ளினால் வரும் சக்தி, 9 சென்டிமீட்டரிலேயே கிடைத்துவிட்டது!

கண்ணுக்குத் தெரியாத எலெக்ட்ரானின் சக்தியை எப்படி அளப்பது? காந்தத்தால்தான். சக்தி குறைந்த எலெக்ட்ரான் காந்தத்தருகே அதிகம் வளையும். மிகுந்தது கொஞ்சமே வளையும். எதிரே, எலெக்ட்ரான் பட்டால் ஒளிரும் திரை. ஒளிரும் இடத்தைக் காமிரா படம் பிடிக்கும். அதைக் கொண்டு சக்தியைக் கணக்கிடுவார்கள்.

இதில் ஒரு சங்கடம். சக்தி மிகுந்தது கொஞ்சமே வளைவதால், கிளம்பும்போதே சற்றுக் கோணினாலும் கணக்குத் தவறும். இரண்டு திரைகள் வைத்துப் பாதையைச் சரிபார்ப்பதும் உண்டு.