விசிறி ஏன் சுழலவில்லை?

மலேசியச் சாலைகளில் பழைய மகிழுந்துகள் பல இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 1985ஆம் ஆண்டு ஜூலை மாதம் அறிமுகமான புரோட்டோன் சாகா அவற்றுள் ஒன்று. இத்தகைய மகிழுந்துகளை வைத்திருப்போர் அடிக்கடி எதிர்கொள்ளும் சிக்கல் ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் எந்தத் தொல்லையும் தராத வண்டி, நகரத்து நெரிசலில் சிக்கியதும் சூடேறத் தொடங்கும். வெப்பநிலையைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டை நோக்கி நகரும். நெரிசல் கலைந்து வண்டி வேகமெடுத்ததும் முள் மெல்லக் கீழிறங்கும். இந்த ஏற்ற இறக்கம் ஒரு முக்கியமான துப்பு. வண்டியின் முன்பகுதியில் உள்ள மின்விசிறி சரியாக இயங்குகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்று அது நமக்குச் சொல்கிறது.

விசிறியின் பணி

இயந்திரத்தில் எரிபொருள் எரியும்போது உண்டாகும் வெப்பத்தின் ஒரு பகுதியைக் குளிர்நீர் ஏந்திக்கொண்டு ரேடியேட்டருக்குச் செல்கிறது. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே காற்று புகும்போது அந்நீர் குளிர்கிறது. பின்னர், அது மீண்டும் இயந்திரத்திற்குத் திரும்புகிறது. வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே போதுமானது. வண்டி நின்றுவிட்டால் காற்று தானாக வராது. அப்போது காற்றை இழுத்துத் தருவதே விசிறியின் பணியாகும்.

டட்சன் 120ஒய் போன்ற முந்தைய வண்டிகளில் இயந்திரமே வார்ப்பட்டை மூலம் விசிறியைச் சுழற்றியது. புரோட்டோன் சாகாவில் இயந்திரம் குறுக்காகப் பொருத்தப்பட்டுள்ளது. ஆகவே, அதன் விசிறியை ஒரு மின்மோட்டார் சுழற்றுகிறது. தேவைப்படும்போது மட்டும் சுழல்வது இதன் சிறப்பு. ஆனால், மின்சுற்றில் ஏதேனும் ஓர் இடத்தில் தடை ஏற்பட்டாலும் விசிறி நின்றுவிடும் என்பது இதன் பலவீனம்.

மின்சாரம் செல்லும் பாதை

பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் முதலில் பியூஸ் வழியாகச் செல்கிறது. அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்தால் பியூஸ் உருகிச் சுற்றைத் துண்டித்துவிடும். அடுத்து இருப்பது ரிலே. இது சிறிய மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் கருவியாகும். விசிறி எப்போது சுழல வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ரேடியேட்டரில் பொருத்தப்பட்டிருக்கும் வெப்பச் சுவிட்ச். பட்டறைகளில் இதைத் தெர்மோ சுவிட்ச் என்று அழைப்பர். பல பழைய வண்டிகளில் குளிர்நீரின் வெப்பநிலை 85 முதல் 100 பாகை செல்சியஸுக்குள் குறிப்பிட்ட ஓர் அளவை எட்டியதும் இச்சுவிட்ச் சுற்றை இணைக்கும். உடனே மின்மோட்டார் இயங்கி விசிறியைச் சுழற்றும்.

எனவே, விசிறி நின்றுபோனால் குறை இந்தப் பாதையில் எங்கோ ஓர் இடத்தில்தான் இருக்கும். அந்த இடத்தைக் கண்டறியாமல் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பது வீண்செலவு. புதிய மின்மோட்டாரைப் பொருத்திய பிறகு, பழுதானது ஒரு சிறிய பியூஸ்தான் எனத் தெரிய வந்தால் யாருக்கு இழப்பு?

பாதுகாப்பே முதன்மை

சோதனையைத் தொடங்குமுன் இயந்திரத்தை நிறுத்தி, அது நன்றாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூடாக இருக்கும் ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கக்கூடாது. மூடிய அமைப்புக்குள் அழுத்தம் மிகுந்திருப்பதால் குளிர்நீர் 100 பாகை செல்சியஸைக் கடந்தும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் குறைந்து, நீர் ஆவியாகப் பீறிட்டு முகத்தையும் கைகளையும் சுட்டுவிடும். மேலும், சில வண்டிகளில் இயந்திரம் நின்ற பின்னும் விசிறி திடீரெனச் சுழலக்கூடும். ஆகவே, விசிறியைத் தொடுமுன் பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். இப்பணிகளை மாணவர்கள் தனியாகச் செய்யாமல், அனுபவமுள்ள பெரியவர் ஒருவரின் துணையோடு செய்வதே நல்லது.

படிப்படியான சோதனை

முதலாவதாக, ஆறிய ரேடியேட்டரில் குளிர்நீர் போதிய அளவு உள்ளதா எனப் பார்க்க வேண்டும். நீர் குறைந்திருந்தால் வெப்பச் சுவிட்ச் நீரில் மூழ்காமல் வெற்றிடத்தில் நிற்கக்கூடும். அப்போது சுவிட்ச் நல்ல நிலையில் இருந்தாலும் வெப்பத்தைச் சரியாக உணராது. விசிறியின் இறக்கையைக் கையால் மெல்லச் சுழற்றியும் பார்க்கலாம். அது இறுகியிருந்தால் மின்மோட்டார் பழுதடைந்திருக்க வாய்ப்புண்டு.

இரண்டாவதாக, பியூஸைக் கவனிக்க வேண்டும். அது உருகியிருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ள புதிய பியூஸைப் பொருத்தலாம். புதியதும் உருகினால் மின்மோட்டார் இறுகியிருக்கிறது அல்லது கம்பியில் குறுக்குச்சுற்று ஏற்பட்டுள்ளது என்று பொருள். அதற்காகப் பெரிய அளவு பியூஸைப் பொருத்துவது பேராபத்து. பியூஸ் உருக வேண்டிய நேரத்தில் கம்பி உருகித் தீப்பற்றிக்கொள்ளும்.

மூன்றாவது சோதனைதான் மிகவும் பயனுள்ளது. பேட்டரிக் கம்பியை மீண்டும் இணைத்துவிட்டு, வெப்பச் சுவிட்சின் இணைப்பைக் கழற்ற வேண்டும். இரு கம்பிகள் கொண்ட சுவிட்சாக இருந்தால், அந்த இணைப்பின் இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் சேர்த்து, வண்டியின் சாவியைத் திருப்ப வேண்டும். இயந்திரத்தை முடுக்கத் தேவையில்லை. விசிறி சுழன்றால் பியூஸ், ரிலே, மின்மோட்டார், கம்பிகள் ஆகிய அனைத்தும் நலமாக உள்ளன என்பது உறுதியாகிறது. ஒரே சோதனையில் நான்கு ஐயங்கள் நீங்கிவிடுகின்றன. எஞ்சியிருப்பது வெப்பச் சுவிட்ச் மட்டுமே. அதைக் கழற்றி, சூடாக்கிய நீரில் நுனியை மட்டும் அமிழ்த்தி, மல்டிமீட்டரால் சோதித்தால் உண்மை விளங்கும். நீர் உரிய வெப்பநிலையை அடைந்ததும் அது சுற்றை இணைக்க வேண்டும்.

நான்காவதாக, மேற்கண்ட சோதனையில் விசிறி சுழலாவிட்டால் மின்மோட்டாரைத் தனியே சோதிக்க வேண்டும். அதன் இணைப்பைக் கழற்றிவிட்டு, பியூஸ் பொருத்திய கம்பிகளின் மூலம் பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தை நேரடியாகக் கொடுக்கலாம். அப்போதும் சுழலாவிட்டால் மின்மோட்டாரே பழுது. அதனுள் இருக்கும் கார்பன் தூரிகைகள் ஆண்டுக்கணக்கில் உராய்ந்து தேய்ந்துபோயிருக்கலாம். மாறாக, நன்றாகச் சுழன்றால் குறை ரிலேயிலோ கம்பிகளிலோ உள்ளது. அதே வகையைச் சேர்ந்த மற்றொரு ரிலேயை மாற்றிப் பொருத்திப் பார்த்தால் விடை கிடைக்கும். இறுதியாக, கம்பி இணைப்புகளில் பச்சை நிறத்தில் களிம்பு படிந்துள்ளதா என்றும், வண்டியின் உடற்பகுதியோடு சேரும் கம்பி தளர்ந்துள்ளதா என்றும் பார்க்க வேண்டும். நம் நாட்டின் ஈரப்பதத்தில் பழைய கம்பிகள் இவ்வாறு கெடுவது இயல்பே.

ஏமாற்றும் அறிகுறிகள்

குளிர்சாதன வசதி கொண்ட பல பழைய வண்டிகளில் இரண்டு விசிறிகள் அருகருகே இருக்கும். குளிர்சாதனத்திற்குரிய விசிறி சுழல்வதைக் கண்டு, ரேடியேட்டர் விசிறியும் இயங்குகிறது என்று எண்ணிவிடக்கூடாது. அதுபோல, நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்லும்போதும் இயந்திரம் சூடேறினால் குறை விசிறியில் இல்லாமல் இருக்கலாம். ரேடியேட்டர் அடைப்பு, குளிர்நீர்க் கசிவு, திறக்காத தெர்மோஸ்டாட், பழுதடைந்த நீரேற்றி ஆகியவற்றையும் ஆராய வேண்டும்.

வேறு சிலர் வெப்பச் சுவிட்சை மாற்றாமல், விசிறி எந்நேரமும் சுழலும்படி கம்பியை நேரடியாக இணைத்துவிடுகின்றனர். வழியில் தவிக்கும்போது வீடு வந்து சேர இது உதவும், நிரந்தரத் தீர்வாகாது. மின்மோட்டார் ஓய்வின்றி உழைத்து விரைவில் தேய்ந்துவிடும்.

சிறு குறையும் பெரும் இழப்பும்

பல மகிழுந்து இயந்திரங்களின் மேற்பகுதி அலுமினியத்தாலும் கீழ்ப்பகுதி வார்ப்பிரும்பாலும் ஆனவை. வெப்பம் ஏறும்போது அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரிவடைகிறது. வெப்பம் எல்லை மீறினால் மேற்பகுதி வளைந்து, இரண்டுக்கும் இடையிலுள்ள கேஸ்கெட் சேதமடையும். ஒரு சுவிட்சை மாற்றுவதற்கான சிறு செலவு, இயந்திரத்தையே பிரித்துப் பழுதுபார்க்கும் பெருஞ்செலவாகிவிடும். ஆகவே, முள் மேலேறுவதைக் கண்டதும் “இன்னும் கொஞ்ச தூரம்தானே” என்று ஓட்டாமல், பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்துவதே அறிவுடைமை.

பழுதுபார்ப்பதற்குக் கைத்திறன் மட்டும் போதாது. வரிசையாகச் சிந்திக்கும் பழக்கமும் தேவை. எளிய சோதனையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு விடையையும் கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்பவரே குறையின் இருப்பிடத்தை விரைவில் அடைவார். இப்பழக்கம் பட்டறையில் மட்டுமன்றி, அறிவியல் கூடத்திலும் அன்றாட வாழ்விலும் நமக்குக் கைகொடுக்கும்.