மூன்று மேதைகள் சேர்ந்தால் டிரையோ ஆகிவிடுமா?

மேற்கத்திய செவ்வியல் இசை உலகில் நெடுநாளாக ஓர் எண்ணம் உலவுகிறது. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ கொண்ட ஸ்ட்ரிங் குவார்டெட்டுக்கு வாழ்நாளையே கொடுக்க வேண்டும். பியானோ, வயலின், செல்லோ சேர்ந்த டிரையோவுக்கு அவ்வளவு தேவையில்லை என்பது அந்த எண்ணம். குவார்டெட்டின் நான்கு வாத்தியங்களும் ஒரே குடும்பம். நான்கும் கரைந்து ஒரே குரலாக வேண்டும், அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். டிரையோவிலோ மூன்றும் மூன்று குரல்கள். ஒவ்வொருவருக்கும் தனித்து மின்ன இடம் உண்டு. ஆகவே பேர்பெற்ற மூன்று தனிக் கலைஞர்களைக் கோடை விழாவொன்றுக்கு அழைத்து, சில நாள் ஒத்திகைக்குப் பின் மேடையேற்றிவிடலாம். இசை விழாக்கள் பல இன்றும் இதைத்தான் செய்கின்றன. இந்த எண்ணம் தவறு என்பது என் வாதம். 1955 முதல் 2008 வரை, 53 ஆண்டுகள் மேடையில் இருந்த போஸார் டிரையோவும் அதில் வாசித்தவர்களின் வாழ்க்கையுமே அதற்குப் போதுமான சான்று.

முதலில் வாத்தியங்களைப் பார்ப்போம். பியானோவில் சுத்தியல் கம்பியைத் தட்டிய கணமே ஒலி தேயத் தொடங்குகிறது. வயலினிலும் செல்லோவிலும் வில் நகரும்வரை ஒலி நிற்கும், வேண்டுமானால் வளரும். பியானோவின் ஸ்ருதி, கச்சேரிக்கு முன் ட்யூனர் வைத்துவிட்டுப் போனது; மற்ற இருவரும் ஒவ்வொரு ஸ்வரத்தையும் விரலால் தேடிப் பிடிக்கிறார்கள். அவர்கள் பழகிய வாத்தியத்தைக் கையோடு கொண்டுவருகிறார்கள். பியானோ வாசிப்பவருக்கோ ஊருக்கு ஊர் வேறு பியானோ. பெரிய அரங்கின் கிராண்ட் பியானோ, வாசிப்பவர் கொஞ்சம் அசந்தால் செல்லோவை விழுங்கிவிடும். ஹைடன் காலத்தில் இந்தச் சிக்கல் குறைவு. அன்றைய பியானோ மெல்லிய குரல் கொண்டது. அவருடைய டிரையோக்களில் செல்லோ பெரும்பாலும் பியானோவின் இடது கையைப் பின்தொடரும் பக்கவாத்தியம்தான். 1795இல் பீத்தோவன் தன் முதல் ஓபஸாக மூன்று டிரையோக்களை வெளியிட்டபோது செல்லோ சொந்தமாகப் பேசத் தொடங்கியது. 1827 வாக்கில் ஷூபர்ட் எழுதிய இரண்டு பெரிய டிரையோக்களில் மூவரும் சரிசமம். குவார்டெட்டில் ஒரே இனத்து வாத்தியங்கள் இணக்கத்துக்கான பாதி வேலையைத் தாமே செய்துவிடுகின்றன. டிரையோவில் அந்த உதவி கிடையாது. இணக்கம் முழுவதையும் வாசிப்பவர்களே உண்டாக்க வேண்டும்.

போஸார் டிரையோவைத் தொடங்கிய மூவரும் இசைக்கு வந்த வழிகள் வேறு வேறு. பியானோ கலைஞர் மெனஹெம் பிரெஸ்லர் 1923இல் ஜெர்மனியின் மக்டபுர்க் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். யூதர்களுக்கு எதிரான 1938 நவம்பர் வன்முறையில் குடும்பத்தின் துணிக்கடை சூறையாடப்பட்டது. அடுத்த ஆண்டு பெற்றோருடன் இத்தாலி வழியாகப் பாலஸ்தீனத்துக்குத் தப்பினார். தப்ப முடியாத உறவினர்கள் நாஜி முகாம்களில் மாண்டார்கள். 1946இல் சான் பிரான்சிஸ்கோவில் டெபுஸி போட்டியில் வென்று அமெரிக்காவில் தனிக் கலைஞராகப் பெயரெடுத்தார். மொஸார்ட்டின் டிரையோக்களை இசைத்தட்டாக்கும் எண்ணத்தில் துணை தேடியபோதுதான் மற்ற இருவரும் அமைந்தார்கள். வயலினுக்கு வந்த டேனியல் கிலே ரஷ்யாவில் பிறந்தவர், பிரான்சில் கால்வே குவார்டெட்டில் வாசித்தவர், டாஸ்கனினி நடத்திய என்பிசி சிம்பனி இசைக்குழுவின் தலைமை வயலின் கலைஞர். செல்லோவுக்கு வந்த பெர்னார்ட் கிரீன்ஹவுஸ் நியூ ஜெர்சிக்காரர், பாப்லோ கசால்ஸிடம் பயின்றவர். 1955 ஜூலை 13 அன்று மாசசூசெட்ஸின் டேங்கிள்வுட் விழாவில் முதல் கச்சேரி. அன்று கிலேக்கு வயது 56, கிரீன்ஹவுஸுக்கு 39, பிரெஸ்லருக்கு 31. தனிமேடைக்குப் பழகிய இளைஞர் ஒருவர், தம்மைவிட ஏறக்குறைய 25 வயது மூத்த குவார்டெட் அனுபவசாலியோடு ஒவ்வொரு சொற்றொடராக உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. இந்தக் குழுவின் குணம் அங்கே பிறந்தது என்று நினைக்கிறேன்.

பியானோவில் கோர்ட்டோ, வயலினில் திபோ, செல்லோவில் கசால்ஸ், மூவரும் தனித்தனியே உச்சத்தில் இருந்தவர்கள்தானே, அவர்களுடைய இசைத்தட்டுகள் இன்றும் கொண்டாடப்படவில்லையா என்று கேட்கலாம். கொண்டாடப்படுகின்றன, நியாயமாகவே. ஆனால் அவர்கள் பாரிஸில் சேர்ந்து வாசிக்கத் தொடங்கியது 1906 வாக்கில். ஷூபர்ட்டின் பி ஃபிளாட் டிரையோவைப் பதிவு செய்தது 1926இல். இடையில் இருபது ஆண்டுப் பழக்கம் இருந்தது. ஆக, இந்த உதாரணம் என் பக்கமே சாய்கிறது. எதிர்த்தரப்புக்கு உண்மையில் உதவக்கூடியவர்கள் பியானோவில் ரூபின்ஸ்டைன், வயலினில் ஹைஃபெட்ஸ், செல்லோவில் பியாட்டிகோர்ஸ்கி. 1949இல் சிகாகோ அருகே ராவினியாவில் வாசித்த இவர்களைப் பத்திரிகைகள் ‘பத்து லட்சம் டாலர் டிரையோ’ என்று அழைத்தன. அடுத்த ஆண்டு சாய்கோவ்ஸ்கி, ராவேல், மெண்டல்சன் டிரையோக்களைப் பதிவு செய்தார்கள். மூவரின் வாசிப்பும் அபாரம். இருந்தும் விளம்பரத்தில் யார் பெயர் முதலில் வருவது என்ற பிணக்கு எழுந்தது, குழு நீடிக்கவில்லை. அந்தத் தட்டுகளில் மூன்று மகத்தான குரல்கள் அடுத்தடுத்துக் கேட்கின்றன. ஒருவர் வாக்கியத்தை இன்னொருவர் முடித்துவைக்கும் நெருக்கம் என் காதுக்கு அங்கே குறைவு.

இன்னும் கடினமான கேள்வி ஒன்று உண்டு. போஸார் டிரையோவில் மொத்தம் ஒன்பது பேர் வாசித்திருக்கிறார்கள். நீண்ட கூட்டு வாழ்க்கைதான் உயிர் என்றால் இத்தனை மாற்றத்தை அது எப்படித் தாங்கியது? யாரைச் சேர்த்தார்கள் என்று பார்த்தால் விடை தெரிகிறது. 1960களின் இறுதியில் கிலே விலகியதும் வந்த ஐசிடோர் கோஹன், ஜூலியார்ட் குவார்டெட்டில் இரண்டாம் வயலின் வாசித்தவர். கேட்டு வாசிப்பதே பிழைப்பாக இருந்தவரைத் தேர்ந்தார்கள். அந்த மூவரும் பிலிப்ஸ் நிறுவனத்துக்காக ஹைடன் டிரையோக்கள் முழுவதையும் பதிவு செய்தார்கள். அதுவரை பெரும்பாலும் தூசியில் கிடந்த படைப்புகள் அவை. ‘பக்கவாத்தியம்’ என்று நான் மேலே சொன்ன அந்தச் செல்லோவுக்கு கிரீன்ஹவுஸ் தந்த உயிரைக் கேட்டால், தாளில் எளிமையாகத் தெரிவது மேடையில் எளிது அல்ல என்று புரியும். 1987இல், 71 வயதில், அவர் விடைபெற்றார். பீட்டர் வைலி வந்தார். 1992இல் கோஹன் இடத்தில் ஐடா கவாஃபியன். ஒவ்வொரு முறையும் இருக்கும் இருவர் வரும் ஒருவரைப் பழக்கினார்கள். 1998இல்தான் வயலின் கலைஞரும் செல்லோ கலைஞரும் ஒரே நேரத்தில் மாறினார்கள். யங் உக் கிம், அந்தோனியோ மெனெசெஸ் சேர்ந்தார்கள். நான்கே ஆண்டில் கிம்மின் இடத்துக்கு டேனியல் ஹோப் வந்தார். குழுவின் மிகப் பெரிய சோதனை இந்தக் கட்டம்தான்.

அப்படியானால் இது பிரெஸ்லரின் குழு, மற்றவர்கள் வந்து போனவர்கள் என்று சொல்லிவிடலாமா? 2008 வேறு விதமாகச் சொல்கிறது. தனிக் கச்சேரிகளுக்காக ஹோப் விலக முடிவெடுத்தபோது, 84 வயதான பிரெஸ்லர் ஆறாவது வயலின் கலைஞரைத் தேடவில்லை. ஆகஸ்டில் டேங்கிள்வுட், செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன், அத்துடன் குழுவை முடித்தார். பெயரும் பியானோவும் அவர் கையிலேயே இருந்தன. அவை மட்டும் டிரையோ ஆகாது என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

தனிமேடைக்குத் தகுதி போதாதவர்களே இப்படிக் குழுவில் ஒதுங்குகிறார்கள் என்ற இளக்காரமும் உண்டு. மெனெசெஸ் 1982இல் சாய்கோவ்ஸ்கி போட்டியில் முதல் பரிசு வென்றவர், இசைக்குழு நடத்துநர் கராயனுடன் பதிவுகள் செய்தவர். நாற்பதைத் தாண்டிய பின் இங்கே வந்து கடைசிவரை பத்தாண்டுகள் இருந்தார். வைலி பின்னாளில் புகழ்பெற்ற குவார்னெரி குவார்டெட்டில் தன் ஆசிரியரின் இடத்தில் அமர்ந்தார். பிரெஸ்லர் டிரையோ முடிந்த பிறகு தனிக் கலைஞராக மறுபடி புறப்பட்டு, 2014இல் 90 வயதில் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்குடன் முதன்முறையாக வாசித்தார். 2023இல், 99 வயதில், மறைந்தார். இப்படிச் சேர்ந்தே இருந்தால் பிழைப்புக்கு என்ன வழி என்ற கேள்விக்கு மட்டும் என்னால் முழுமையாகப் பதில் சொல்ல முடியாது. கச்சேரிக்குச் சம்பளம் உண்டு, ஒத்திகை நாட்களுக்குப் பெரும்பாலும் கிடையாது. பிரெஸ்லர் டிரையோ பிறந்த அதே 1955இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்து, வாழ்நாளெல்லாம் அங்கே கற்பித்தார். அந்த நிலையான வருமானமும் குழுவைத் தாங்கிய தூண்களில் ஒன்று. மூன்று நட்சத்திரங்களுக்கு ஓர் இரவுக்கு விழாக்கள் தரும் பணத்தில் ஒரு பகுதியை, சேர்ந்தே இருக்க முடிவெடுத்த மூன்று இளைஞர்களின் ஒத்திகைக்கு ஒதுக்கினால், பத்தாண்டில் அதன் பலன் காதுக்குத் தெரியும்.