பள்ளி விட்டதும்... (7): ஒன்பது ரவுண்டுக்கு எத்தனை நாள் லீவு?

2022 மே மாதம். நள்ளிரவு இரண்டு மணியைத் தாண்டிவிட்டது. சென்னையில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்த 16 வயதுப் பையன், நெதர்லாந்தின் அனிஷ் கிரியை டைபிரேக்கரில் வீழ்த்தி செஸ்ஸபிள் மாஸ்டர்ஸ் இணையவழிப் போட்டியின் இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தான். விடிந்தால் பதினொன்றாம் வகுப்புப் பரீட்சை. எட்டே முக்காலுக்குப் பள்ளியில் இருக்க வேண்டும்.

பிரக்ஞானந்தாவின் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்தத் தூக்கம் கெட்ட பிள்ளையைத்தான் பாராட்டுகிறோம். எனக்குக் கண்ணில் படுவது, மறுநாள் காலை அவருக்காகக் காத்திருந்த அந்தப் பெஞ்சு. வருடத்தில் பாதி நாள் ஊரில் இல்லாத பையனுக்கும் அது காலியாக இருந்தது. பிரக்ஞானந்தா, குகேஷ் இருவருமே வேலம்மாள் பள்ளிகளில் படித்தவர்கள். செஸ் பிள்ளைகளின் வருகைப் பதிவேட்டைத் தாராள மனதோடு பார்க்கிற பள்ளிகள் அவை. எல்லோருக்கும் அப்படி வாய்க்குமா?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கிராண்ட்மாஸ்டர் ஆக 2500 ரேட்டிங்கும், அந்தப் பட்டத்துக்கேற்ற தரத்தில் ஒரு போட்டி முழுக்க ஆடியதற்கு அத்தாட்சியான ‘நார்ம்’ மூன்றும் வேண்டும். நார்ம் தரும் போட்டி பொதுவாக ஒன்பது ரவுண்டு. ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம் இழுக்கும் கிளாசிக்கல் ஆட்டம். நாளுக்கு ஒன்று, எப்போதாவது இரண்டு. ரயிலையும் சேர்த்தால் பத்துப் பன்னிரண்டு நாள். சனி, ஞாயிறைக் கழித்தாலும் எட்டு ஒன்பது பள்ளி நாள் போய்விடும். எதிராளிகளில் வெளிநாட்டவரும் பட்டம் பெற்றவர்களும் போதிய அளவு இருக்க வேண்டும் என்பதால், தெருமுனைப் போட்டியில் நார்ம் கிடைக்காது. ஆடுகிற எல்லாப் போட்டியிலும் அது வந்துவிடவும் வராது.

இந்தப் பக்கம் பள்ளி. வருடத்துக்கு 220 வேலை நாள் என்று வையுங்கள். 75 சதவீத வருகை என்றால் 165. மிச்சம் 55. காய்ச்சல், கல்யாணம், காதுகுத்துக்குப் பத்து நாள் எடுத்து வைத்தால் கையில் 45. ஐந்து போட்டி! மற்றதெல்லாம் மே மாத விடுமுறைக்குள் அடங்க வேண்டும்.

தளர்வு இல்லாமல் இல்லை. தேசிய, சர்வதேசப் போட்டிகளுக்குப் போகும் மாணவர்களுக்கு சிபிஎஸ்இ வருகையில் சலுகை தருகிறது. ஆனால் நாமே நுழைவுக் கட்டணம் கட்டி ஆடும் ஓபன் போட்டி பல பள்ளிகளின் கண்ணுக்கு ‘போட்டி’யே அல்ல, சுற்றுலா. ரேட்டிங் வளர்வதோ அங்கேதான். என் மகள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது முதல்வரிடம் கடிதத்தோடு போய் நின்றேன். “கப் வாங்கிட்டு வரட்டும் சார், லீவு பத்தி அப்புறம் பேசலாம்” என்றார். லீவு கிடைத்தால்தான் கப் கிடைக்கும் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று இரவு செஸ் பெற்றோர் எல்லோரும் ஒரு முறையாவது செய்கிற காரியத்தை நானும் செய்தேன். என்ஐஓஎஸ் எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியைப் பற்றிப் படித்தேன். வருகைப் பதிவு இல்லை, வருடத்துக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு, பாடம் பாடமாக எழுதித் தள்ளலாம். விண்ணப்பம் வரை போய்விட்டேன்.

அந்த மாதம்தான் அவள் ரேட்டிங் ஒரே போட்டியில் எண்பது புள்ளி ஏறியிருந்தது. என் தைரியத்துக்குக் காரணம் அதுதான். பிறகு அவளுடைய கோச் விளக்கினார்: 18 வயதுக்குள், 2300-க்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு ‘கே’ மதிப்பு 40. அந்த ரேட்டிங்கில் உள்ள பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 20. அதே வெற்றி குழந்தைக்கு இரண்டு மடங்கு புள்ளி தரும், அதே தோல்வி இரண்டு மடங்கு பிடுங்கும். “ஏறுனப்போ ஸ்கூலை மாத்துனீங்கன்னா, இறங்குனா என்ன சார் பண்ணுவீங்க?” அடுத்த போட்டியிலேயே அறுபது புள்ளி போனது. விண்ணப்பம் இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

குகேஷைச் சொல்லி என்னை மடக்குவார்கள். நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரப் பள்ளி இல்லை. 12 வயது 7 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர். 2024 டிசம்பர் 12-ல் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலக சாம்பியன். (பிரக்ஞானந்தாவை அந்த 2022 இறுதியில் தோற்கடித்தவரும் இதே டிங்தான்.) எல்லாம் சரி. ஆனால் அந்த வீட்டில் வழக்கமான ஓட்டத்தை நிறுத்தியது பிள்ளை மட்டுமல்ல. காது மூக்கு தொண்டை மருத்துவரான அப்பா தொழிலை ஒதுக்கிவைத்துவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போனார். நுண்ணுயிரியலாளரான அம்மாவின் சம்பளத்தில் வீடு ஓடியது. மருத்துவர் திரும்பி வந்து பெயர்ப் பலகையை மறுபடி மாட்டிக்கொள்ளலாம். தனியார் கம்பெனியில் கணக்கு எழுதும் எனக்கு என் நாற்காலியை யார் வைத்துக் காத்திருப்பார்கள்?

அதனால் பெரிய முடிவு எதுவும் எடுக்காமல் பள்ளியை மட்டும் மாற்றினோம். செஸ் அகாடமி இருக்கிறதா, சுவரில் கோப்பை இருக்கிறதா என்று பார்க்கவில்லை. ‘பத்து நாள் போய்விட்டு வந்தால் விட்ட பாடத்தை யார் நடத்துவார்கள்?’ என்று ஒரே கேள்வி கேட்டேன். இரண்டு பள்ளிகளில் சிரித்தார்கள். மூன்றாவதில் கணக்கு டீச்சர், “போர்டுல எழுதுனதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புறேன், ஓட்டல் ரூம்ல போட்டுட்டு அனுப்பச் சொல்லுங்க” என்றார். கட்டணம் குறைவு, மைதானம் சிறிசு, சேர்த்துவிட்டேன். ஆட்டம் முடிந்து அறைக்கு வந்ததும் தோற்ற ஆட்டத்தை ஒரு முறை ஓட்டிப் பார்ப்பாள், அப்புறம் இயற்கணிதம். தோற்ற நாட்களில் கணக்கு அவளுக்கு ஆறுதல் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை.

இப்போது பத்தாம் வகுப்பு. மார்ச்சுக்குள் நான்கு போட்டி என்று பட்டியல் எழுதி குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் இரண்டை அடித்திருக்கிறாள். ஏன் இந்த ரெண்டை என்று கேட்டேன்.

“அது ரெண்டும் நீங்க ஆசைப்பட்டதுப்பா” என்றாள்.

(தொடரும்)