மணல்மேல் வீடு

வடசென்னையில் இராயபுரம் என்பது பழைய ஊர்களுள் ஒன்று. கிறிஸ்து பெருமானின் சீடருள் முதல்வராகிய பேதுருவைத் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் இராயப்பர் என வழங்குவர். அவர் பெயராலேயே ஊர் இப்பெயர் பெற்றது என்பர். பேதுரு என்னுங் கிரேக்கச் சொல்லுக்குப் பாறை என்பது பொருள். பாறையின் பெயர் தாங்கிய இவ்வூரோ கடற்கரை மணலின்மேல் நிற்கின்றது! பாறைமேல் வீடு கட்டியவன் புத்தியுள்ளவன், மணல்மேல் கட்டியவன் புத்தியில்லாதவன் என்னும் உவமையை யாம் சிறுவயது முதற் கேட்டு வருகின்றோம். ஆயின் இராயபுரந் தொடங்கித் திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் ஈறாக வாழும் எளிய மக்கள் பாறையைத் தேடி எங்குச் செல்வர்? மணலும் சேறும் கொட்டி நிரப்பிய மண்ணுமே அவர்க்கு வாய்த்த நிலம். அந்நிலத்தில் வீடு கட்டப் புகுவோன் செய்யத்தக்கது யாது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்கு ஒரு காரணம் உண்டு. எம் அத்தையார் எர்ணாவூரில் கால்வாய்க்கு அண்மையில் வாழ்கின்றார். அவர் இல்லம் செங்கற்சுவரும் சிமெண்டு ஷீட்டுக் கூரையும் உடையது. சித்திரை வைகாசியில் நண்பகலில் உள்ளே இருத்தல் அரிது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வெள்ளம் வீட்டினுட் புகுந்தது. எண்ணூர்ப் பகுதியிற் பரவிய எண்ணெய்க் கசடு சுவரிற் கரிய கோடாய்ப் படிந்தது. நீர் வடிந்த பின்னர்த் தரை ஒருபுறம் இறங்க, சுவர் மூலைக்கு மூலை வெடித்தது. இடித்துக் கட்டுவதென்று வீட்டார் முடிவு செய்தனர். இரண்டு பலகைகளுக்கிடையே தெர்மோகோல் வைத்து ஒட்டிய தட்டிகளால் விரைவிற் கட்டலாம் என ஒருவர் கூறவே, அத்தையார் எம்மை நோக்கி, “தெர்மோகோலில் வீடு கட்டினால் காற்றில் பறந்துபோகாதா, தம்பி?” என்றார். கேட்டோர் நகைத்தனர். பின்னர் நூல்களைப் பார்த்த யாம், அவ்வினாவே இப்பொருளின் உயிர்நிலை என்று கண்டோம்.

முதற்கண் அத்தட்டியின் இயல்பை அறிவோம். 1935-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் மாடிசன் நகரத்து வனப்பொருள் ஆராய்ச்சிச் சாலையில், மெல்லிய பலகைகளைச் சட்டத்தின் இருபுறமும் ஒட்டி வீடு கட்டும் முறை சோதிக்கப்பெற்றது. பின்னர் இடையே நுரைப்பொருள் வைக்கும் வழக்கம் தோன்றியது. வெளிப்பலகைகள் இரண்டும் பாரத்தைத் தாங்கும். நடுவேயுள்ள நுரை அவை விலகாமலும் நெளியாமலும் பிடித்து நிற்கும். தனித்தனியே வளையக்கூடிய மூன்று பொருள்கள் ஒன்றாய் ஒட்டியவுடன் விறைப்புடைய ஒரு பொருளாகின்றன.

வெப்பத்தைத் தடுப்பது அந்நுரையுள் அடைபட்ட காற்று. அசையாத காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. இவ்வுண்மை சென்னைக்குப் புதிதன்று. கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லமாய் விளங்கும் ஐஸ் ஹவுஸ், அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமித்து வைக்க 1842-இல் எழுந்தது. பாஸ்டன் நகரிலிருந்து வெப்பக் கடல்களைக் கடந்து மாதக்கணக்காய் வந்த அப்பனிக்கட்டியை உருகாமற் காத்தது மரத்தூளே. இன்று மீன் காக்குங் குளிர்கிடங்குகளிற் பஃப் பேனல் செய்யும் பணியும் அதுவே. தெர்மோகோல் செங்கல்லினும் ஏறக்குறைய 20 மடங்கு குறைவாக வெப்பத்தைக் கடத்தும். எனவே 10 செ.மீ. கனமுள்ள தெர்மோகோல், வெப்பத்தைத் தடுக்கும் அளவில், 2 மீட்டர் கனமுள்ள செங்கற்சுவருக்கு நிகராகும்.

நம் நாட்டில் இத்தகைய முறைகள் சோதனை நிலையைக் கடந்துவிட்டன. 2013-இல் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில், கண்ணாடி இழை சேர்த்த ஜிப்சத் தட்டிகளால் நான்கு குடியிருப்புக்கள் கொண்ட மாடிக் கட்டடம் ஒன்று எழுந்தது. உரத்தொழிற்சாலைகளிற் கழிவாய்க் குவியும் ஜிப்சமும் அத்தகைய தட்டிகளுக்கு உதவும் என்பது தொழிற்பகுதியில் வாழும் நாம் கருதற்பாலது. 2021 ஜனவரி முதல் நாள் மைய அரசினர் ஆறு நகரங்களில் மாதிரிக் குடியிருப்புக்களுக்கு அடிக்கல் நாட்டினர். சென்னைப் பெரும்பாக்கத்தில் வார்ப்புக் கான்கிரீட்டு முறையால் 1,152 வீடுகள் எழுந்தன. இந்தோரிலோ இடைப்பொருள் வைத்த தட்டிகளாலேயே 1,024 வீடுகளுக்குத் திட்டம் வகுத்தனர்.

இனி அத்தையார் வினாவுக்கு வருவோம். 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள ஓரறை வீட்டை எண்ணிக்கொள்க. சுவர்ப்பரப்பு 54 சதுர மீட்டர். கூரைப்பரப்பு 20 சதுர மீட்டர். ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் சதுர மீட்டருக்கு 400 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. ஆதலின் சுவர் மட்டுமே 21 டன்னைக் கடக்கும். சிமெண்டுப் பலகைத் தட்டியோ சதுர மீட்டருக்குச் சுமார் 35 கிலோ. சுவரும் கூரையும் சேர்ந்தே 2,600 கிலோ அளவில் நிற்கும். இளகிய மண்ணுக்கு இவ்விலேசு பெரும் நன்மை.

ஆயினும் காற்றை நோக்குங்கால் இந்நன்மையே குறையாகின்றது. கட்டட விதிகள் சென்னைக்கு வகுத்த அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அஃதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அவ்வேகத்தில் வீசுங் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவாகும். அது முழுதும் கூரையை மேல்நோக்கி இழுப்பதாகக் கொண்டால், 20 சதுர மீட்டருக்கு 3,000 கிலோ. வீட்டின் எடை 2,600 கிலோ! அத்தையார் அஞ்சியது மெய்யே. பிடித்து வைப்பார் இல்லையேல் வீடு பறக்கத்தான் செய்யும்.

பிடித்து வைப்பது பைல் அஸ்திவாரம். தரையில் ஆழ்ந்த துளையிட்டுக் கம்பிக்கூடு இறக்கிக் கான்கிரீட்டு நிரப்பிய தூணே பைல். அது பாரத்தை இருவகையால் தாங்கும்: அடிமுனை கெட்டியான மண்ணில் ஊன்றி நிற்றல் ஒன்று, பக்கம் முழுதும் மண்ணொடு உராய்ந்து பற்றி நிற்றல் மற்றொன்று. மேலே இழுக்குங்கால் இப்பற்று அதனை விடாது. 30 செ.மீ. விட்டமும் 6 மீட்டர் ஆழமும் உள்ள பைல் ஒன்றின் எடை ஏறக்குறைய 1,000 கிலோ; நிலத்தடி நீரில் முழுதும் அமிழ்ந்தாலும் 600 கிலோ அளவு எஞ்சும். அத்தகைய ஆறு பைல்கள், மண்ணின் பற்றைச் சேர்க்காமலே 3,500 கிலோ அளவுக்கு வீட்டைக் கீழே இருத்தும். கனத்த வீட்டுக்குப் பைல் ஊன்றுகோல். இலேசான வீட்டுக்கோ அது நங்கூரம் என்க.

இக்கடற்கரை பைலை அறியாததுமன்று. பார்வையிழந்த அயர்லாந்துப் பொறியாளர் அலெக்ஸாண்டர் மிட்செல் 1833-இல் உரிமம் பெற்ற திருகு பைல்களின்மீதே சென்னையின் இரும்புத் துறைப்பாலம் 1861-இல் அமைந்தது. 1868, 1872 ஆண்டுகளின் புயல்கள் அதனைச் சிதைத்தன. பைல் போட்டாற் போதும் என்று இறுமாத்தல் ஆகாது என்பதற்கு அஃதொரு பாடம்.

ஆகவே எச்சரிக்கைகள் சில உள. முதலாவது மண் சோதனை. 63.5 கிலோ சம்மட்டியை 75 செ.மீ. உயரத்தினின்று விழச்செய்து, குழல் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி வேண்டும் என்று எண்ணுவர். அடிகள் மிகுந்தால் மண் கெட்டி. பைல் கொட்டிய மண்ணையும் சேற்றையும் கடந்து அக்கெட்டி மண்ணை எட்டவேண்டும். கொட்டிய மண் பின்னர் இறங்குங்கால் பைலையும் தன்னொடு கீழே இழுக்குமாதலின், அப்பாரத்தையும் கணக்கிடல் வேண்டும். நீரூறும் மணலில் துளை சரியாதபடி இரும்புக் குழாயோ பெண்டோனைட்டுச் சேறோ துணையாக வேண்டும். ரூர்க்கி ஆராய்ச்சி நிலையத்தார் கரிசல் நிலத்துக்கெனச் செம்மை செய்த குமிழ்பைல் களிமண்ணில் நன்கு நிற்கும். இளகிய மணலில் அக்குமிழ் உருவாகாமற் சரியும்.

இரண்டாவது, பைலின் கம்பி அடித்தள உத்தரத்தொடும், உத்தரம் தட்டியொடும், தட்டி கூரையொடும் சங்கிலிபோல் இணைதல் வேண்டும். உப்புக்காற்றில் ஒரு திருகாணி துருப்பிடித்து அறுந்தாலும் சங்கிலி அறும்; ஆதலால் துருவேறாத எஃகு ஆணியே தக்கது. மூன்றாவது, தெர்மோகோல் நெருப்புக்கு அஞ்சுவது. அதன் புகை கொடியது. அடுப்பங்கரையில் அது எவ்விடத்தும் வெளித்தெரியாமற் பலகையால் மூடப்படல் வேண்டும். மரப்பலகையாயின் கறையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகும். நமக்குச் சிமெண்டுப் பலகையே ஏற்றது. காற்றுப் புகாத தட்டிவீட்டில் எதிரெதிர்ச் சாளரங்களும் இன்றியமையாதன.

யாம் இவற்றையெல்லாம் கணக்கெழுதிக் காட்டினோம். அத்தையார் பொறுமையுடன் கேட்டு, “சுவரைப் பிறகு பார்க்கலாம், முதலில் மண்ணைப் பாருங்கள்” என்றார். அவ்வாறே மண் சோதிக்க ஏற்பாடாயிற்று. மாமா அதுவரை தட்டி விற்போர் தந்த வண்ணப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர். அவரும் அவற்றை மடித்து வைத்தார்.

மணல்மேல் வீட்டின் உவமையை லூக்கா எழுதிய வடிவில் மீண்டும் படித்தோம். அப்புத்தியுள்ளவன் ஆழமாய்த் தோண்டினான் என்றொரு செய்தி அங்கு உளது. முன்பு அதனைக் கருதாமற் கடந்து சென்றோம். பாறை எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. ஆழத் தோண்டுதலோ எல்லார்க்கும் இயல்வது. தோண்டும் பொருட்செலவு எளியோர்க்கு இயலாதாயின், அதற்குத் துணைநிற்றல் கற்றோர்க்கும் அரசினர்க்கும் கடனாகும்.