உஷார்! சுடுதண்ணீர்க் குழாயில் பொய் சொல்லும் ‘டெம்பரேச்சர் கன்’

மொட்டை மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர். அதிலிருந்து இறங்கும் செம்புக் குழாய் எவ்வளவு சூடு என்று பார்க்க, டெம்பரேச்சர் கன்னை நீட்டி விசையை அழுத்துகிறீர்கள். சிவப்புப் புள்ளி குழாய் மேல் விழுகிறது. திரையில் 39 டிகிரி. ‘இவ்வளவுதானா’ என்று குழாயைப் பிடித்தீர்களோ, தொலைந்தது! அந்தக் குழாய் 70 டிகிரியில் கொதித்துக்கொண்டிருக்கலாம்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. சுற்றுப்புறம் 35 டிகிரி, பளபளக்கும் செம்புக் குழாய் 70 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போட்டால், சாதாரணக் கன் காட்டும் எண் 39, 40-ஐத் தாண்டாது. கருவியில் கோளாறு ஏதும் இல்லை. புது பேட்டரி போட்டாலும், விலை கூடிய கருவி வாங்கினாலும் இதே கதைதான். கூடுதலாகக் காட்டித் தொலைத்தாலாவது கை தப்பும். இது ஆபத்தைக் குறைத்துக் காட்டுகிறது. அதுதான் பயம்.

சேலம், நாமக்கல் பக்கம் இந்த எச்சரிக்கை யாருக்கு? சோலார் ஹீட்டர் வைத்த வீட்டுக்காரர்களுக்கு. ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைத் தங்கவைத்திருக்கும் பள்ளி, கல்லூரி விடுதிகளுக்கு. கோழிப்பண்ணைக்காரர்களுக்கு. லாரிப் பட்டறைக்காரர்களுக்கு. 2020-இல் கொரோனாவுக்காக வாங்கிய நெற்றித் தெர்மாமீட்டரை இன்னும் அலமாரியில் வைத்திருக்கும் எல்லாருக்கும்.

எத்தனை டிகிரியில் தோல் வேகும்?

முதலில் இதை மனதில் பதியுங்கள். 1947-இல் அமெரிக்காவில் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவுகள்தான் இன்றைக்கும் அடிப்படை. 49 டிகிரித் தண்ணீரில் தோல் கடுமையாக வேகச் சில நிமிடங்கள் ஆகும். 60 டிகிரியில் ஐந்து நொடி போதும். 70 டிகிரியில் ஏறக்குறைய ஒரே நொடி. குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் தோல் மெல்லியது, அவகாசம் இன்னும் குறைவு. ஆக, 39 என்று காட்டியதற்கும் 70-க்கும் உள்ள வித்தியாசம், வெதுவெதுப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் உள்ள தூரம்.

கருவி எதைப் பார்க்கிறது?

இந்தக் கன் குழாயைத் தொடுவதில்லை. எந்தப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்பக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வெளியே விடும். அதை அளந்துதான் கருவி டிகிரியைக் கணக்கிடுகிறது. ஆனால் எல்லாப் பரப்பும் ஒரே அளவில் கதிரை விடாது. மனிதத் தோல், ரப்பர், சுண்ணாம்பு அடித்த சுவர், பெயின்ட் பூசிய இரும்பு ஆகியவை விடவேண்டியதில் 90 சதவீதத்துக்கு மேல் விட்டுவிடும். பளபளக்கும் செம்பு 5 சதவீதம் விட்டாலே அதிகம். எவர்சில்வர் 10, 20 சதவீதத்தில் நின்றுவிடும். புது ஜிஐ பைப்பும் ஏறக்குறைய அதே ரகம்தான்.

மீதியை அந்தப் பளபளப்பு எங்கிருந்து எடுக்கிறது? சுற்றுமுற்றும் இருப்பதைக் கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டுகிறது. நீங்கள் குழாயை அளப்பதாக நினைக்கிறீர்கள். கருவியோ எதிர்ச்சுவரையும் உங்கள் சட்டையையும் அளந்துகொண்டிருக்கிறது. மாடியில் நிலைமை இன்னும் மோசம். தெளிந்த வானம் இந்தக் கருவியின் கண்ணுக்கு மிகக் குளிர்ந்த பொருள். அந்த வானம் குழாயில் பிரதிபலித்தால், கொதிக்கும் குழாய்கூடக் காற்றைவிடக் குளிர்ச்சி என்று திரையில் வரும்!

கருவிக்குள் எமிசிவிட்டி என்று ஓர் அமைப்பு உண்டு. மலிவான கன்களில் அது 0.95 என்று பூட்டப்பட்டிருக்கும். பரப்பு 95 சதவீதக் கதிரை விடும் என்று கருவி தானாகவே எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். சுவருக்கும் தோலுக்கும் சரி. செம்புக்கும் எவர்சில்வருக்கும் சுத்தமாகச் சரிவராது. உருக்காலை எவர்சில்வருக்குப் பேர்போன சேலத்தில் இதைத் தெரியாமல் கன் வாங்கக் கூடாது.

குளிர்நாட்டு வீடியோக்களில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரை இதே கன்னால் அளந்து காட்டுவார்கள், எண் சரியாகவே வரும். அந்த ரேடியேட்டர் பெயின்ட் அடித்தது. பெயின்ட் படாத செம்புக் குழாயில் அங்கேயும் இதே ஏமாற்றுதான்.

இன்னும் ஐந்து கண்ணிகள்

1. சிவப்புப் புள்ளியை நம்பாதீர்கள். லேசர் குறிபார்க்க மட்டுமே, அளப்பது அது அல்ல. கருவியில் 12:1 என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் தள்ளி நின்றால் அது எட்டு சென்டிமீட்டருக்கு மேல் அகலமான வட்டத்தைப் பார்க்கிறது என்று பொருள். அரை அங்குலக் குழாய் அந்த வட்டத்தில் ஒரு கீற்று. மிச்சமெல்லாம் சுவர்.

2. சோலார் ஹீட்டரின் கண்ணாடிக் குழல்களை அளந்து பயனில்லை. அகச்சிவப்புக் கதிர் கண்ணாடியைத் தாண்டி வெளியே வராது. உள்குழலுக்கும் வெளிக்குழலுக்கும் நடுவே வெற்றிடம் வேறு. உள்ளே தண்ணீர் கொதித்தாலும் வெளிக்கண்ணாடி தொடுகிற சூட்டில்தான் இருக்கும்.

3. டேங்கின் வெளித்தகடும், இன்சுலேஷன் சுற்றிய குழாயும் அப்படியே. அளப்பது போர்வையின் சூட்டை, தண்ணீரின் சூட்டை அல்ல. மேலே அலுமினியத் தாள் சுற்றியிருந்தால் இரட்டை ஏமாற்று.

4. நெற்றித் தெர்மாமீட்டரைக் குழாய்க்கு எடுக்காதீர்கள். உடல் சூட்டுக்கான அந்தக் கருவி 32 முதல் 43 டிகிரி வரை மட்டும் அளக்கும் விதத்தில் செய்யப்பட்டது. நெற்றியில் தெரியும் சூட்டை உடல் சூடாக மாற்றவும் அது ஒரு கணக்குப் போடும். குழாயில் அந்தக் கணக்குக்கு அர்த்தமே இல்லை.

5. கருவியே வெந்திருந்தால் எண் தப்பும். பெரும்பாலான கன்கள் 40 அல்லது 50 டிகிரிச் சூழல் வரைதான் ஒழுங்காக வேலை செய்யும். சேலத்துச் சித்திரை வெயிலில் கார் டேஷ்போர்டிலோ லாரி கேபினிலோ கிடந்ததை எடுத்து உடனே அளக்காதீர்கள். ஏசி அறையிலிருந்து கொண்டுவந்தாலும் இருபது நிமிடமாவது நிழலில் வைத்துவிட்டு அளந்து பாருங்கள்.

சரியாக அளக்க

மருந்து மின்சாமான் கடையிலேயே இருக்கிறது: கறுப்பு இன்சுலேஷன் டேப். குழாயைத் துடைத்து, மூன்று அங்குல நீளத்துக்கு இடைவெளி இல்லாமல் இறுக்கிச் சுற்றுங்கள். சுற்றும்போது குழாய் ஆறியிருக்க வேண்டும், ஆகையால் விடியற்காலையில் செய்யுங்கள். சுடுதண்ணீர் ஓடத் தொடங்கி ஐந்து நிமிடம் ஆனபிறகு அந்த டேப் மேல் அளந்து பாருங்கள். இப்போது 0.95 சரியான எண். 80 டிகிரிக்கு மேல் போகும் இடத்தில் இந்த டேப்பின் பசை இளகும். அங்கே பெயின்ட்டர்கள் ஒட்டும் காகித டேப்பை ஒட்டலாம், அல்லது பளபளப்பில்லாத கறுப்பு பெயின்ட் ஒரு பட்டை அடிக்கலாம்.

அரைச் சாண் தூரத்தில், நேர்க்குத்தாகப் பிடியுங்கள். அவ்வளவு கிட்டத்தில் லேசர் புள்ளி ஒரு பக்கம் விலகி விழும். அதனால் கன்னை மெல்லக் குறுக்கே நகர்த்தி, வரும் எண்களில் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரிய எண்ணும் குழாயின் வெளிப்பரப்புக்குத்தான். உள்ளே தண்ணீர் இன்னும் சில டிகிரி கூட இருக்கும். சிபிவிசி மாதிரி பிளாஸ்டிக் குழாயில் அளவு நன்றாகவே வரும், ஆனால் சுவர் தடிமன் என்பதால் உள்ளே இன்னும் அதிகச் சூடு இருக்கும். சாதாரண பிவிசி குழாயைச் சுடுதண்ணீருக்குப் போட்டிருந்தால் அளப்பதை விட்டு முதலில் மாற்றுங்கள். 60 டிகிரியைத் தாண்டினால் அது இளகிவிடும்.

கன் சரியா என்று சோதிக்க, ஐஸ் கட்டிகளை உடைத்துப் போட்டு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மேலே கன்னை நீட்டுங்கள். பூஜ்யத்துக்கு ஒன்றிரண்டு டிகிரிக்குள் காட்டவேண்டும். கொதிக்கும் தண்ணீரில் சோதிக்காதீர்கள், ஆவி லென்ஸை மறைத்துவிடும். விடுதி நடத்துகிறவர்கள் கன்னோடு நிற்காமல், தொட்டு அளக்கும் புரோப் உள்ள மீட்டர் ஒன்றும் வைத்துக்கொள்வது நல்லது.

குளியலறைக்கு வெளியேயும் உஷார்

நாமக்கல் கோழிப்பண்ணையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையை அளந்தால் எண் ஏறக்குறைய சரி. வெள்ளையடித்த கூரையும் சரிதான். புதுத் தகரக் கூரையைக் கீழிருந்து அளந்தால், உள்ளபடிக்குக் குறைவாகவே காட்டும். ‘தகரம் போட்டதில் ஷெட் குளிர்ந்துவிட்டது’ என்று நம்பி, மே மாதத்தில் தெளிப்பானை நிறுத்திவிடாதீர்கள். கூரையின் அடியில் ஒரு கை அகலம் பெயின்ட் அடித்து அங்கே அளந்து பாருங்கள்.

லாரி டயரில் கன் நன்றாக வேலை செய்யும், ரப்பர் ஒத்துழைக்கும். பாலிஷ் போட்ட அலுமினிய வீலில் வரும் எண்ணைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

மீட்டர் பெட்டியில்தான் உயிர்ப்பயம். தளர்ந்த செம்பு, அலுமினிய இணைப்பு சிவக்கச் சூடாகும்வரை கன் ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்லக்கூடும். அங்கே டேப் ஒட்டப் போகாதீர்கள், மின்சாரம் ஓடுகிறது! ஒயரின் மேலுறையை மட்டும் தள்ளி நின்று அளந்துவிட்டு, சந்தேகம் வந்தால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இன்றே செய்யவேண்டியது மூன்று. மாடிக் குழாயில் டேப்பைச் சுற்றுங்கள். வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்கள்: வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் சுடுதண்ணீர். கை வெந்துவிட்டால் பேஸ்ட், மாவு எதுவும் தடவாமல் இருபது நிமிடம் பச்சைத் தண்ணீர்க் குழாயில் காட்டிவிட்டு டாக்டரிடம் போங்கள். பளபளக்கும் உலோகத்தில் வரும் எண்ணை, டேப் ஒட்டி அளக்கும்வரை நம்பவே நம்பாதீர்கள்.